மாகளிதுர்கா மலையேற்றம்: அனுமதிச் சீட்டில் உங்கள் பெயரைப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்

பெங்களூரு அல்சூரில் பதினேழு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். ஆட்டோ மீட்டரில் தொடங்கி வீட்டு அட்வான்ஸ் வரை பட வேண்டியதையெல்லாம் பட்டு முடித்துவிட்டதால், இனி யாரும் என்னை எளிதில் ஏமாற்ற முடியாது என்று நினைத்திருந்தேன். கடந்த பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு அந்த நினைப்பு பொய்த்துப்போனது. வார இறுதி மலையேற்றங்களுக்கு ஆள் சேர்க்கும் ஒரு குழுவிடம் தலைக்கு 1,850 ரூபாய் வீதம் நான்கு பேருக்கு 7,400 ரூபாய் கட்டினேன். போன பணத்தைக்கூட மறந்துவிடலாம்; பன்னிரண்டு வயது மகளை இருட்டில் தண்டவாளத்தை ஒட்டி நடத்திக்கொண்டு போனேன் என்பதை நினைத்தால்தான் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. குழுவின் பெயரை இங்கே எழுதவில்லை. அதே வழியில் நடக்கும் குழுக்கள் வேறும் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன் என்பதால், பெயரைவிட வழியைத் தெரிந்துகொள்வதே பயன்படும்.

இடத்தைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மாகளிதுர்கா, பெங்களூரு ஊரக மாவட்டத்தில் தொட்டபல்லாபூரைத் தாண்டி, நகரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் இருக்கிறது. பாறைக் குன்று, உச்சியில் பழைய கோட்டை மதிலும் ஒரு சிவன் கோயிலும் உள்ளன. அடிவாரத்தில் இந்துப்பூர் செல்லும் ரயில் பாதையும் மாகளிதுர்கா என்ற பெயரிலேயே ஒரு சிறு நிலையமும் இருக்கின்றன. மேலே நின்றால் ஒரு பக்கம் குண்டமகெரெ ஏரி தட்டுப்போல் விரிந்து தெரியும். கன்னடத்தில் கெரெ என்றாலே ஏரிதான் என்பதால், ஏரியை இரண்டு முறை சொல்கிறோம் என்று என் மனைவி ஒவ்வொரு தடவையும் திருத்துவாள். பக்கத்திலேயே காட்டி சுப்பிரமணியர் கோயில் இருப்பதால், நம்மவர்கள் பலருக்கு அந்தச் சாலை முன்பே பழக்கமான ஒன்றுதான்.

வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரம், கோட்டையில் சூரிய உதயம், ஏரிக்கரையில் மூன்று கிலோமீட்டர் காட்டு நடை, காட்டி சுப்பிரமணியர் தரிசனம், பயிற்சி பெற்ற வழிகாட்டி, முதலுதவி, வனத்துறை அனுமதி உட்பட எல்லாம் இத்தொகைக்குள் அடக்கம் என்றும், ஒரு குழுவில் பதினைந்து பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்றும் சொன்னது. மேலே ஒரு படம்: நீலநிற ஏரி, அதைச் சுற்றி நெடுநெடுவென ஊசியிலை மரங்கள். "இது எந்த ஊர் ஏரி? மாகளிதுர்காவில் முட்புதரும் பாறையும்தானே இருக்கிறது" என்று மனைவி அப்போதே கேட்டாள். விளம்பரப் படம் அப்படித்தான் இருக்கும் என்று நான் சமாதானம் சொன்னேன். அந்தக் கேள்வியை அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

அதைவிடப் பெரிய அறிகுறி ஒன்றையும் கவனிக்கத் தவறினேன். முன்பதிவு செய்யும்போது அவர்கள் எங்கள் பெயரையும் கைபேசி எண்ணையும் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். ஆதார் உள்ளிட்ட எந்த அடையாள அட்டையின் விவரத்தையும் கேட்கவில்லை. தொந்தரவில்லாத ஆட்கள் என்று நான் மகிழ்ந்தேன். கர்நாடகத்தில் வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள மலைப்பாதைகளுக்கு, நடக்கப்போகிற ஒவ்வொருவரின் அடையாள அட்டை விவரத்தையும் கொடுத்தால்தான் டிக்கெட் எடுக்க முடியும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உங்கள் அட்டையைக் கேட்காமல் உங்களுக்கு அனுமதி வாங்கிவிட்டதாக ஒருவர் சொன்னால், அவர் வாங்கவில்லை என்று பொருள்.

இரவு பதினொன்றரைக்கு ஹெப்பாள் மேம்பாலத்தின் கீழே நிற்கச் சொன்னார்கள். வண்டி வந்தபோது மணி ஒன்று நாற்பது. குளிர்சாதன வசதி என்று சொல்லப்பட்ட டெம்போ டிராவலரில் ஜன்னலே சரியாக மூடவில்லை. இரண்டு வண்டிகளில் மொத்தம் நாற்பத்தொரு பேர், வழிகாட்டிகள் இருவர். எங்கள் வண்டியில் இருந்த பையனிடம் பேச்சுக்கொடுத்தபோது, தான் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிப்பதாகவும், இந்த மலைக்கு வருவது இது இரண்டாவது தடவை என்றும் கள்ளமில்லாமல் சொன்னான். அவன்மீது எனக்குக் கோபமில்லை. ஒரு இரவுக்கு ஐந்நூறு ரூபாய் என்று அவனையும் யாரோ பேசி அனுப்பியிருக்கிறார்கள்.

மூன்றரை மணிக்கு, ரயில் நிலையத்துக்குச் சற்று முன்பே, சாலையோரம் விளக்கில்லாத ஓர் இடத்தில் எங்களை இறக்கினார்கள். வழக்கமான நுழைவு வழியில் கூட்டமாக இருக்கும், இது குறுக்குவழி என்றார்கள். அதிகாலை மூன்றரைக்கு என்ன கூட்டம் என்று கேட்டிருக்க வேண்டும். நாற்பத்தொரு பேருக்கு ஆறு டார்ச்சுகள். ஒரு மேட்டில் ஏறியதும் காலடியில் ஜல்லிக்கற்கள் நொறுங்கும் சத்தம் கேட்டது; குனிந்து வெளிச்சம் அடித்தால் பக்கத்தில் தண்டவாளம் மினுங்கியது. இருபது நிமிடங்களுக்கு மேல் அதையொட்டியே நடத்திச் சென்றார்கள். தொலைவில் ஒரு வெளிச்சம் தெரிந்து, யாரோ கத்த, எல்லாரும் சரிவில் இறங்கி முட்புதருக்குள் ஒதுங்கினோம். சரக்கு ரயில் ஒன்று முடிவே இல்லாததுபோல் ஓடியது. காற்று எங்கள் சட்டையை இழுத்தது. மகள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடி, ரயில் போன பிறகும் தளரவில்லை. ரயில் பாதையில் இப்படி அத்துமீறி நடப்பது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவின்படி குற்றம். அப்படியானால், பணம் கொடுத்து அந்தக் குற்றத்தைச் செய்தவர்கள் நாங்கள்தான்.

அந்தச் சரிவில் ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் பிசகியது. முதலுதவிப் பெட்டியைத் திறந்தபோது, ஒரு பட்டை பாராசிட்டமால் மாத்திரையும், பாதி தீர்ந்த பிளாஸ்திரிச் சுருளும், யாருடையதோ ஒரு சீப்பும் இருந்தன. என் மனைவி தன் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டுப்போட்டாள். திருவண்ணாமலையிலிருந்து வந்திருந்த அவள் தம்பி, பதினான்கு கிலோமீட்டர் கிரிவலத்தை வெறுங்காலில் சுற்றிப் பழகியவன், "மாமா, பௌர்ணமி கூட்டத்துல நடந்தாக்கூட இதைவிட நிம்மதியா இருக்கும்" என்று என் காதோடு சொன்னான்.

புதரைத் தாண்டி மலைப்பாதையில் கால் வைத்த சிறிது நேரத்தில் எதிரே ஒரு டார்ச் வெளிச்சம் நின்றது. வனக்காவலர் ஒருவர், கூட இன்னொருவர். இரவில் மலையேற யாருக்கும் அனுமதியில்லை, விடிந்து வாசல் திறந்த பிறகுதான் ஏற வேண்டும் என்று அமைதியாகவே சொல்லிவிட்டு, டிக்கெட்டைக் காட்டச் சொன்னார். எங்களுக்கு முதல்நாள் மாலை பிடிஎஃப் கோப்பாக அனுப்பியிருந்ததை நான் பெருமையோடு நீட்டினேன். அவர் கைபேசியை வாங்கி, விரல்களால் பெரிதாக்கிப் பார்த்து, "இது யார ஹெசரு?" என்றார். யாருடைய பெயர் என்று கேட்டார். அதில் இருந்தது எங்கள் நால்வரில் எவருடைய பெயரும் இல்லை. யாரோ ஒரு அந்நியரின் பெயர். பிறகு அவரே தேதியைச் சுட்டிக்காட்டினார். மற்ற எழுத்துகள் எல்லாம் சற்று மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்க, தேதி மட்டும் கன்னங்கரேலென்று, வரியிலிருந்து ஒரு மயிரிழை மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. பக்கத்திலிருந்தவர்களின் கைபேசிகளையும் பார்த்தோம். எல்லாவற்றிலும் அதே பெயர், அதே முன்பதிவு எண். எப்போதோ ஒருவர் முறையாக எடுத்த ஒற்றை டிக்கெட்டில் தேதியை மாற்றி நாற்பத்தொரு பேருக்கும் அனுப்பியிருக்கிறார்கள்.

வழிகாட்டிகள் இருவரும் இதற்குள் கூட்டத்தின் பின்னால் போய்விட்டார்கள். காவலர் எங்களைத் திட்டவில்லை. குழந்தையைப் பார்த்துவிட்டு, சிறுத்தை நடமாடும் இடம், இந்த வேளையில் கூட்டி வரலாமா என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரிந்த கன்னடத்தில் பதில் சொல்ல வாயெடுத்தேன், ஒன்றும் வரவில்லை. அவரே முன்னால் நடந்து, எல்லாரையும் சரியான வழியில் சாலைக்குக் கொண்டுவந்து விட்டார்.

மீதி நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஏரிக்கரை நடை என்பது, சாலையில் வண்டியை ஐந்து நிமிடம் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னதோடு முடிந்தது. காலைச் சிற்றுண்டி ஆறிப்போன எலுமிச்சைச் சாதம். காட்டி சுப்பிரமணியர் கோயிலில், பின்புறம் நோக்கியிருக்கும் நரசிம்மரைக் கண்ணாடியில் பார்த்துக் கும்பிட்ட அந்தச் சில நிமிடங்கள்தான் விளம்பரத்தில் சொன்னபடி கிடைத்தவை. அதற்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை.

விதிமுறை ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்று பிறகு விசாரித்தேன். 2024 ஜனவரி இறுதியில், மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள குமார பர்வதத்தில் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் குவிந்து பாதையே அடைபட்டுப்போன பிறகு, ஆன்லைன் முன்பதிவு இல்லாத மலையேற்றங்களை மாநில அரசு நிறுத்திவைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் 'அரண்ய விஹாரா' என்ற அரசு இணையதளம் வந்தது. ஒரு பாதையில் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு அதில் இருப்பதால், வார இறுதி இடங்கள் சீக்கிரமே நிரம்பிவிடுகின்றன. இடம் கிடைக்காத குழுக்கள், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் இப்படி இருட்டுவழியைத் தேடுகின்றன என்பது என் ஊகம். இரவில் ஏற அனுமதியே இல்லாத மலைக்கு "சூரிய உதய மலையேற்றம்" என்று ஒருவர் விற்றால், அந்தத் தலைப்பே அவரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது, வனத்துறை திடீரென விதியை மாற்றிவிட்டது, தங்கள் கையில் எதுவுமில்லை, மூன்று மாதத்துக்குள் வேறொரு மலையேற்றத்துக்கு வரலாம் என்று பதில் வந்தது. அவர்கள் தந்த ரசீதை அப்போதுதான் நிதானமாகப் படித்தேன். நான் யுபிஐ வழியாக அனுப்பிய பணம் ஒரு தனிநபரின் கணக்குக்குப் போயிருந்தது. ரசீதில் ஜிஎஸ்டி எண் என்று ஒன்று அச்சாகியிருந்தது. கர்நாடகத்துக்குரிய 29 என்றுதான் அதுவும் தொடங்கியது. ஆனால் ஜிஎஸ்டி எண்ணில் இலக்கங்களும் எழுத்துகளுமாகப் பதினைந்து இருக்க வேண்டும், இதில் பதினான்குதான். நம்பாமல் மூன்று முறை விரல்விட்டு எண்ணினேன். சரியான நீளத்தில் இருந்தாலும், ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணை இட்டால் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை. பணம் கட்டுவதற்கு முன்பு செய்திருக்க வேண்டியது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் கொடுத்தேன். அதன் பிறகுதான் அந்தப் பக்கத்திலிருந்து இறங்கி வந்து, இரண்டாயிரம் ரூபாய் தருகிறோம், புகாரை எடுத்துவிடுங்கள் என்றார்கள். மறுத்துவிட்டு, நுகர்வோர் வழக்குகளுக்கான 'இ-ஜாக்ருதி' அரசுத் தளத்தின் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு பதிந்தேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளவும் கட்டாயமில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், யுபிஐ ரசீது, அந்தத் திருத்தப்பட்ட பிடிஎஃப் மூன்றும் என்னிடம் இருந்ததால் மனு எழுதுவது சிரமமாக இல்லை. கோபத்தில் உரையாடலை அழித்துவிட்ட இன்னொரு குடும்பத்தினர் இப்போது என்னிடம் பிரதி கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். டிக்கெட்டில் தேதியைத் திருத்தியது தனிக் குற்றம் என்பதால், சைபர் குற்றங்களுக்கான தேசியப் புகார்த் தளத்திலும் பதிவு செய்திருக்கிறேன். இரண்டும் நிலுவையில் இருக்கின்றன.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, அரசுத் தளத்தில் நானே டிக்கெட் எடுத்து, நால்வரும் எங்கள் காரிலேயே மறுபடி போனோம். தலைக்கு அந்தக் குழு வாங்கியதில் சிறு பங்குகூட ஆகவில்லை. சீட்டில் மகளின் பெயர் எழுத்துப்பிழையோடு இருந்தது. இருந்தாலும் அவள் பெயர்தான். வாசலில் அதே காவலர் இருந்தார். எங்களை அவருக்கு நினைவிருந்ததா என்று தெரியவில்லை, மகளைப் பார்த்து மட்டும் சிரித்தார். மேலிருந்து ஏரி தெரிந்தது. அதைச் சுற்றி ஓர் ஊசியிலை மரமும் இல்லை.

போன வாரம் வேறொரு எண்ணிலிருந்து, வேறொரு குழுவின் பெயரில் ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. அதே நீல ஏரி, அதே மரங்கள். இந்தத் தடவை கீழே, பெங்களூருக்கு அருகிலுள்ள இன்னொரு மலையான ஸ்கந்தகிரியின் பெயரை எழுதியிருக்கிறார்கள். தலைக்கு 1,650 ரூபாய், வனத்துறை அனுமதி உட்பட.