தோல் கடிக்குக் கைமருந்து: நெடுநாள் பாவனையில் தெரிந்தவை

கொழும்புப் புழுக்கத்தில் தோல் கடிக்க (அரிக்க) காரணம் ஒன்றல்ல. நாள் முழுக்க ஏசி அறையில் இருப்பவருக்குக் கால் வறண்டு கடிக்கும். பஸ்ஸில் நெரிபட்டு வருபவருக்கு வேர்க்குரு. ஈரம் காயாத உடுப்பால் படர்தாமரை. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தைப் பூசுவதால்தான் கைமருந்துக்குக் கெட்ட பெயர்.

வறட்சிக் கடிக்குத் தேங்காயெண்ணெயை மிஞ்ச ஒன்றில்லை. அதில் கிட்டத்தட்டப் பாதி லோரிக் அமிலம் என்ற கொழுப்பமிலம். எக்ஸிமா (தோல் வறண்டு அழன்று கடிக்கும் நோய்) உள்ள 117 பிள்ளைகளிடம் பிலிப்பைன்ஸில் 8 வாரம் செய்த ஆய்வில் கனிம எண்ணெயை விட அது நல்ல பலன் தந்தது. அங்கே பாவித்தது வேர்ஜின் எண்ணெய். காறல் வாடை வந்த சமையல் எண்ணெய் உதவாது. குளித்த கையோடு, தோல் ஈரமாக இருக்கும்போதே பூச வேண்டும்; ஒரு காலுக்கு ஒரு தேக்கரண்டி தாராளம். தடிப்பாகப் பூசி வெயிலில் இறங்கினால் வியர்வைத் துவாரம் அடைபடும். வேர்க்குருவில் எண்ணெய் படவே கூடாது. குளிர்ந்த நீரும் ஃபேன் காற்றும் போதும்.

தோலுக்குள் புகும் நுண்ணிய பூச்சியால் வரும் சொறிக்கு வேப்பிலை நாலு பங்கு, பச்சை மஞ்சள் ஒரு பங்கு, எடை நிறுத்து அரைக்க வேண்டும். இந்தியாவில் 814 பேருக்கு இதைப் பூசி 1992இல் வெளியான ஆய்வில் 97 சதவீதமானோர் 3 முதல் 15 நாளில் குணமாயினர். ஆனால் வேறு மருந்தோடு ஒப்பிடவில்லை. ஆகவே ராவில் விரலிடுக்கு கடித்து, வீட்டில் மற்றவருக்கும் தொற்றினால் டொக்டரிடம் காட்டி, சொறிப் பூச்சியைக் கொல்லும் பெர்மெத்ரின் கிறீமை எல்லோரும் ஒரே இரவில் பூசுங்கள். படுக்கை விரிப்புகளைச் சுடுநீரில் தோயுங்கள். புறக்கோட்டை கெபோஸ் லேனில் வாங்கும் காய்ந்த வேப்பிலைத் தூளை மெல்லிய துணியில் சலித்தே குழைக்கவும்; நரம்புத் துண்டுகள் சொறிந்த தோலைக் கீறும். பசை காய்ந்து வெடிக்குமுன் கழுவிவிடுங்கள்.

படர்தாமரைக்கு வண்டுகொல்லி இலைச்சாறு: பங்கசை அடக்குவது ஆய்வுகூடத்தில் தெரிந்ததே. வட்டத்தின் விளிம்பையும் தாண்டிப் பூச வேண்டும்.

தேசிக்காய்ச் சாறு வேண்டவே வேண்டாம். பூசிய இடத்தில் வெயில் பட்டால் தோல் வெந்து, கரும்புள்ளி மாதக்கணக்கில் நிற்கும். குப்பைமேனி இலையை வெளியே பூசுவதோடு நிறுத்துங்கள். கஞ்சியில் போட்டுக் குடித்த ஜீ6பீடீ (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடுள்ளவர்களுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்தது இலங்கையிலேயே பதிவாகியிருக்கிறது.