ராயபுரம் காற்றில் எந்தப் பசை? பிரைமருக்கு முன் மினியேச்சர் ஒட்ட ஓர் ஒப்பீடு

மினியேச்சர் மாடலை எதில் ஒட்டலாம் என்று வடசென்னையில் யாரைக் கேட்டாலும் முதலில் நீட்டுவது ஃபெவிக்விக்தான். தெருமுனைக் கடையிலேயே கிடைக்கிறது, விலையும் கம்மி. ஆனால் கையில் இருப்பது பிளாஸ்டிக்கா, அச்சில் ஊற்றி இறுகவைத்த ரெசினா, உலோகமா என்று பார்த்துவிட்டுத்தான் பசையைத் தொட வேண்டும்.

பிளாஸ்டிக் சட்டத்தில் கோத்து வரும் கிட்கள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். அதற்கு என் ஓட்டு பிளாஸ்டிக்கையே இளக்கி ஒட்டும் பசையான பிளாஸ்டிக் சிமெண்டுக்கு. அதிலும் டாமியா எக்ஸ்ட்ரா தின் மாதிரித் தண்ணியான ரகத்துக்கு. ஆன்லைனில்தான் வரவழைக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை. பொம்மையின் கையையும் தோளையும் சேர்த்துப் பிடித்து, மூடியிலுள்ள பிரஷ்ஷால் இடுக்கின் ஓரத்தைத் தொட்டாலே போதும், திரவம் தானாக உள்ளே ஓடும். இரண்டு பக்கமும் இளகி ஒன்றோடொன்று கலந்துவிடும். லேசாக அழுத்தினால் மெல்லிய வரம்பாகப் பிதுங்கும், துடைக்காதீர்கள். மறுநாள் கத்தியால் சுரண்டினால் இணைப்பே தெரியாது. பெயிண்டுக்கு முன் பூசும் அடிப்பூச்சான பிரைமர் அடித்ததும் பல்லிளிப்பது இந்த இணைப்புக் கோடுகள்தானே. நெடி மட்டும் கடுமை, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

ரெசினிடமும் உலோகத்திடமும் சிமெண்டின் ஜம்பம் பலிக்காது. அங்கே ஃபெவிக்விக் வகைதான். ரெசினை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும், அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிடிக்காது. இந்தப் பசை இறுகுவதே காற்றின் ஈரத்தால் என்பதால், ராயபுரம், காசிமேடு கடற்காற்றில் சட்டென்று பிடிக்கும். வில்லங்கமும் அதே ஈரம்தான்: ஆவி படிந்து சுற்றிலும் வெள்ளை பூக்கும். துளியைக் குறைத்து, ஃபேனைப் போட்டுவிட்டால் பாதி தொல்லை தீரும். மெல்லிய பூப்பை பிரைமர் மறைத்துவிடும். விமானத்தின் கண்ணாடிக் கூண்டில் பூத்தால் பிரைமரும் காப்பாற்றாது. அதற்குக் காய்ந்தபின் தெளியும் ஃபெவிகால் போதும்.

கனமான உலோக பொம்மை கீழே விழுந்தால் ஃபெவிக்விக் இணைப்பு பட்டென்று விட்டுவிடும். துளை போட்டு, கம்பி செருகி, அரால்டைட் என்ற எபாக்ஸி பசையை வையுங்கள். சாதா ரகம் முழுசாக இறுக ஒரு நாள் ஆகும், அதுவரை ரப்பர் பேண்ட்தான் துணை.

அப்புறம், பெயிண்ட் வசதிக்காகக் கையைத் தனியாக வைத்து பிரைமர் அடிப்பவர்கள் இணைப்பு இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். பெயிண்டுக்கு மேல் சிமெண்ட் வேலை செய்யாது. ஃபெவிக்விக்கும் அந்தப் பெயிண்ட் தோலைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.