குறுந்தொலைவுக்கு டர்போபிராப்பா, ஜெட்டா?

இரண்டு பிராந்திய விமான நிலையங்களுக்கு இடையிலான தொலைவு என்று இணையக் கணிப்பான்கள் காட்டுவது, பூமியின் வளைவை ஒட்டி இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளத்தையே. எந்த விமானமும் அந்தக் கோட்டில் அப்படியே பறப்பதில்லை. காற்றை எதிர்கொண்டு எழும்பி, வகுக்கப்பட்ட வான்தடத்தில் சென்று, மறுமுனையில் ஓடுபாதைக்கு நேராகத் திரும்பி இறங்குவதற்குள் கூடுதலாகச் சில பத்து கிலோமீட்டர்கள் சேர்ந்துவிடும். 1,000 கிலோமீட்டர் பயணத்தில் இது பொருட்டல்ல. 250 கிலோமீட்டர் பயணத்தில் இதைக் கணக்கில் கொள்ளாமல் இருக்க முடியாது.

இத்தகைய தடங்களில் போட்டியிடும் இரு வகைகளுக்கு ஏடிஆர் 72-600 என்னும் டர்போபிராப்பையும் (எஞ்சின் சுழற்றும் வெளி விசிறியால் உந்தப்படும் விமானம்) எம்ப்ரேயர் ஈ190 என்னும் ஜெட்டையும் எடுத்துக்கொள்ளலாம். முன்னது மணிக்கு ஏறத்தாழ 510 கிலோமீட்டர் வரையிலும், பின்னது ஏறத்தாழ 830 கிலோமீட்டர் வேகத்திலும் செல்லக்கூடியவை. இவ்வேகங்களைக் கொண்டு வகுத்துப் பார்த்தால், 300 கிலோமீட்டரை ஏடிஆர் 35 நிமிடங்களிலும் ஜெட் 22 நிமிடங்களிலும் கடக்க வேண்டும். ஆனால் அந்த 13 நிமிட வேறுபாடு முழுமையாகப் பயணியின் கைக்கு வருவதில்லை. ஜெட் தன் வேகத்தைக் காட்டுவதற்கு உயரே ஏற வேண்டும். இவ்வளவு குறுகிய தடத்தில் ஏறி முடித்த சிறிது நேரத்திலேயே இறங்கத் தொடங்க வேண்டியிருக்கும். பல நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே 250 நாட் (மணிக்கு ஏறத்தாழ 463 கிலோமீட்டர்) என்ற வேக வரம்பும் உள்ளது. தரையில் ஊர்ந்து செல்லும் நேரமும் இறங்குவதற்கான வரிசையும் இரண்டுக்கும் ஒன்றுதான். 800 கிலோமீட்டர் என்றால் நிலைமை வேறு: வேறுபாடு 30 நிமிடங்களைத் தாண்டும்போது ஜெட்டின் மேன்மையை மறுப்பதற்கில்லை.

எதிர்க்காற்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் எதிர்க்காற்று வீசும்போது, 600 கிலோமீட்டர் தடத்தில் ஏடிஆருக்கு ஏறத்தாழ 13 நிமிடங்கள் கூடும். ஜெட்டுக்கு 5 நிமிடங்கள்கூடக் கூடாது. ஒரே காற்றுதான் என்றாலும் மெதுவாகச் செல்வதையே அது அதிகம் பாதிக்கிறது. தாழ்வாகப் பறக்கும் ஏடிஆர் உயரத்திலுள்ள கடுங்காற்றைப் பெரும்பாலும் சந்திப்பதில்லை என்பது ஓரளவு ஈடு. ஆனால் ஜெட் மேலேறிக் கடந்துவிடும் மேகக் குலுக்கலை அது பொறுத்துக்கொண்டே செல்ல வேண்டியிருக்கிறது.

தரையில் ஏடிஆருக்கென்று சில வசதிகள் உண்டு. பயணிகள் பின்புறக் கதவோடு இணைந்த படிகளிலேயே ஏறி இறங்குவதால் படிக்கட்டு வண்டிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பெட்டிகளை முன்புறத்தில் ஏற்றுகிறார்கள். வலப்புற எஞ்சினின் விசிறியை மட்டும் பிரேக்கிட்டு நிறுத்திவிட்டு எஞ்சினை ஓடவிட்டு, அதிலிருந்து மின்சாரமும் குளிர்காற்றும் பெறும் ஏற்பாடு இருப்பதால், இதற்கெனத் தனித் துணை எஞ்சின் தேவைப்படுவதில்லை. எரிபொருள் செலவிலும் குறுந்தொலைவில் டர்போபிராப்பே சிக்கனமானது.

என் மதிப்பீட்டில் 400 கிலோமீட்டருக்கு உட்பட்ட தடத்தில், எந்த விமானம் என்று பார்ப்பதைவிட எந்த நேரத்தில் புறப்படுகிறது என்று பார்த்துச் சீட்டு எடுப்பதே பொருத்தம். அதற்கு மேற்பட்ட தொலைவில், குறிப்பாக மறுமுனையில் இணைப்பு விமானத்தைப் பிடிக்க வேண்டியவருக்கு, ஜெட்டே நல்லது. ஓடுபாதை ஏறத்தாழ 1,400 மீட்டர் மட்டுமே உள்ள சிறு நிலையங்களிலோ, பெரும்பாலும் டர்போபிராப்தான் வந்து இறங்கும்.