தவறாக ஏறிய ஜே.வி.: மாற்றுவதா, எதிர்ப்பதிவா, வித்தியாசப் பதிவா?

ஆய்வுத் திட்டத்துக்கு வாங்கிய ரசாயனங்களின் பட்டியல் (பில்), 48,600 ரூபாய், வேதியியல் துறையின் நுகர்பொருள் செலவுத் தலைப்பில் ஜே.வி.யாக (ஜர்னல் வவுச்சர்) ஏறிவிட்டது. தொகை சரி, சப்ளையர் சரி, தலைப்பு மட்டும் தவறு. பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவுகளுக்குப் பழகிப்போன சிக்கல்தான். டேலி கணக்கு மென்பொருளில் இதைச் சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு. எதைப் பிடித்தாலும் இருப்பாய்வு (டிரயல் பேலன்ஸ்) ஒரே மாதிரிதான் முடியும். தணிக்கையில் வரும் கேள்விகள்தான் வேறு வேறு.

முதல் வழி, பழைய வவுச்சரையே திறந்து தலைப்பை மாற்றுவது. அரை நிமிட வேலை. தேதியும் வவுச்சர் எண்ணும் அப்படியே இருப்பதால் செலவு திட்டக் காலத்துக்குள்ளேயே நிற்கும். ஆனால் கோப்பில் கையெழுத்தான அச்சுப் பிரதி ஒன்று சொல்லும், கணினி வேறொன்று சொல்லும். எடிட் லாக் (மாற்றங்களின் பதிவேடு) உள்ள டேலிபிரைம் என்றால் யார், எப்போது மாற்றினார் என்பது பதிவாகும். ஏன் மாற்றினார் என்பது ஆகாது. கம்பெனிகளுக்கு இத்தகைய பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். பல்கலைக்கழகம் கம்பெனி இல்லை என்பதற்காக அதை அணைத்து வைப்பது வீண் வம்பு. ஒப்புதல் கையெழுத்து விழும் முன்பு மட்டும் இந்த வழி சரி. மாதக் கணக்கை முடித்த பிறகோ திட்டத்துக்கு நிதி தந்தவர்களுக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பிய பிறகோ தொடவே கூடாது.

இரண்டாவது, முழுப் பதிவையும் எதிர்ப்பதிவால் நீக்கிவிட்டுச் சரியானதைப் புதிதாகப் போடுவது. பற்றும் வரவும் இடம் மாறியிருந்தால் இதுதான் வழி. 12,000 ரூபாய் தலைகீழாக ஏறியதை ஒரே பதிவில் திருத்தினால் தொகை 24,000 ஆகிவிடும். அந்தத் தொகைக்கு எந்தப் பட்டியலும் கோப்பில் இருக்காது. பல வரிகள் கொண்ட சம்பள ஜே.வி.க்கும் இதே முறை நல்லது. ஆல்ட்டோடு 2-ஐ அழுத்தி நகலெடுத்து, பக்கங்களை மாற்றி, தேதியையும் விவரக் குறிப்பையும் திருத்தினால் போதும்.

இங்கே வழுக்கும் இடங்கள் இரண்டு. டேலியில் ‘ரிவர்சிங் ஜர்னல்’ என்றொரு வவுச்சர் வகை உண்டு. பெயரை நம்பி அதில் போட்டால் கணக்கில் எதுவும் மாறாது. அது சினாரியோ அறிக்கைகளில் (‘இப்படியானால் என்ன’ என்று பார்க்கும் தற்காலிக அறிக்கைகள்) மட்டும் தெரியும். எதிர்ப்பதிவு வழக்கமான எஃப்7 ஜர்னலில்தான் போக வேண்டும். அடுத்தது வங்கி. பணம் போன வவுச்சரை முழுதாகப் புரட்டினால், வங்கியில் நடக்காத இரண்டு வரிகள் வங்கிச் சரிக்கட்டும் பட்டியலில் முளைக்கும். டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடித்த வரி) வரியும் அப்படியே: சலான் கட்டியாகிவிட்டால் அதைத் தொடாதீர்கள்.

மூன்றாவது, வித்தியாசத்துக்கு மட்டும் ஒரே ஜே.வி. நம் ரசாயனப் பட்டியலுக்கு இதுவே போதும்: திட்ட நுகர்பொருள் பற்று 48,600, வேதியியல் துறை நுகர்பொருள் வரவு 48,600. சப்ளையரும் வங்கியும் அசையாது. 54,300-ஐ 45,300 என்று அடித்திருந்தாலும் 9,000-க்கு ஒரு பதிவு போதும். (பட்டியல் தொகையும் பதிவும் பொருந்தாதபோது வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் முதலில் இலக்கம் இடம் மாறியதா என்று பாருங்கள்.) பெரும்பாலான தலைப்புத் தவறுகளுக்கு இந்த மூன்றாம் வழியே என் தேர்வு.

ஆனால் திட்டத்துக்குத் தனி வங்கிக் கணக்கு இருந்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கும். பணம் போனது பொது நிதியிலிருந்து. தலைப்பை மட்டும் மாற்றினால் திட்டத்தில் செலவு நிற்கும், அதன் வங்கி இருப்பு குறையாது. திட்டக் கணக்கு டேலியில் தனிக் ‘கம்பெனி’யாக (தனிக் கணக்குப் புத்தகமாக) இருந்தால் இரண்டு ஜே.வி. வேண்டும். பொதுக் கணக்கில் ‘திட்டத்திடமிருந்து வரவேண்டியது’ பற்று, துறை நுகர்பொருள் வரவு. திட்டக் கணக்கில் நுகர்பொருள் பற்று, ‘பொது நிதிக்குத் தரவேண்டியது’ வரவு. பிறகு அந்தத் தொகையை வங்கி வழியாக மாற்றித் தீர்க்க வேண்டும். மார்ச் 31-க்குள் மாற்றாவிட்டால் பயன்பாட்டுச் சான்றிதழான 12-ஏ படிவத்தில் காட்டும் செலவில்லா மீதியும் வங்கி இருப்பும் ஒத்துப்போகாமல், விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

எதிர்ப்பதிவுக்கும் வித்தியாசப் பதிவுக்கும் பொதுவான குறை, திருத்தத் தேதி பிந்தி விழுவது. திட்டம் டிசம்பரில் முடிந்து ஜே.வி. பிப்ரவரியில் என்றால், காலம் கடந்த செலவு போலத் தெரியும். காப்பாற்றுவது விவரக் குறிப்புதான். ‘தவறு திருத்தம்’ என்ற இரண்டு சொல் எதற்கும் உதவாது. இப்படி எழுதுங்கள்: “நவம்பர் 14 தேதியிட்ட பட்டியல், ஜே.வி. 212-இல் துறைத் தலைப்பில் ஏறியது; திட்ட முதன்மை ஆய்வாளர் கடிதப்படி திட்டத் தலைப்புக்கு மாற்றம்.” கூடவே பட்டியல் நகல், தவறு தெரியும் பேரேட்டுப் பக்கம், ஆய்வாளரின் கடிதம், அந்தத் தலைப்பில் ஒதுக்கீடு மீதி இருப்பதைக் காட்டும் பக்கம். கடைசியதை மறந்தால் திருத்தமே புதிய தணிக்கைத் தடையாகும். தயாரித்தவரும் ஒப்புதல் தருபவரும் ஒருவராக இருக்கக் கூடாது. பழைய வவுச்சரின் ஓரத்திலும் புதிய எண்ணைப் பேனாவால் குறித்துவிட்டால், எந்தப் பக்கத்திலிருந்து தேடினாலும் கிடைக்கும்.

தணிக்கை முடிந்த ஆண்டின் தவறு என்றால் அந்த ஆண்டுக்குள் போய் எதையும் மாற்ற வழியில்லை. நடப்பு ஆண்டில் ‘முந்தைய ஆண்டுச் சரிக்கட்டல்’ தலைப்பில் ஜே.வி. போட்டு, நிதி அலுவலரின் எழுத்துப்பூர்வ உத்தரவை இணைக்க வேண்டும்.