1,600 வெள்ளி கட்டிய ஆலோசனையும் காசு வாங்காத ஆலோசனையும்

சிங்கப்பூரில் மகள் தொடக்கக் கல்லூரியை (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் சமயத்தில், நாங்கள் ஒரு தனியார் ஆலோசனை நிறுவனத்துக்கு 1,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டினோம். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் உள்ளே என்ன நடந்தது, கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது என்பதை விவரமாகவே எழுதுகிறேன். அடுத்து 'ஏ' லெவல் என்ற தொடக்கக் கல்லூரி இறுதித் தேர்வை எழுதப்போகும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் யாராவது படித்தால் பயன்படும்.

ஏன் போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் மன்னார்குடியில் டிப்ளமோ முடித்துவிட்டு 1999இல் இங்கே வந்தவன். மின்தூக்கி பராமரிப்பு வேலை. மனைவி தேக்கா சந்தை மாடியில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறார். எங்கள் இருவருக்குமே இந்த ஊர்ப் பல்கலைக்கழகச் சேர்க்கை எப்படி நடக்கிறது என்று தெரியாது. எச்2 (முழு அளவுப் பாடம்), எச்1 (அதில் பாதி அளவுப் பாடம்), ரேங்க் பாயிண்ட் (சேர்க்கைக்கான புள்ளி) என்று மகள் பேசும்போது தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நமக்குத் தெரியாததால் பிள்ளைக்கு ஏதாவது வாய்ப்பு தவறிப்போய்விடுமோ என்ற பயம் இரண்டு வருடமாக நெஞ்சுக்குள் இருந்தது. கடைக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்த ஒரு வாடிக்கையாளர், "எங்க பையனுக்கு இவங்கதான் எல்லாம் பார்த்துக்கிட்டாங்க" என்று நிறுவனத்தின் அட்டையை மனைவியிடம் கொடுத்தார். டிசம்பரில் போய்ப் பணம் கட்டினோம். மூன்று சந்திப்புகள், விண்ணப்பக் கட்டுரைகளைத் திருத்தித் தருவது, நேர்முகத் தேர்வுக்கு ஒரு பயிற்சி, இவ்வளவும் சேர்ந்துதான் அந்தத் தொகை.

அலுவலகம் சுத்தமாக இருந்தது, மரியாதையாகப் பேசினார்கள், சொன்ன நேரத்துக்குக் கூப்பிட்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை முதல் சந்திப்பிலேயே ஆரம்பித்தது. ஆலோசகர் திரையில் ஓர் அட்டவணையைக் காட்டினார். மொத்தம் 90 புள்ளி. மூன்று எச்2 பாடங்களுக்கு 60, எச்1 பாடத்துக்கு 10, ஜெனரல் பேப்பர் என்ற ஆங்கிலக் கட்டுரைத் தாளுக்கு 10, புரோஜெக்ட் வொர்க் என்ற குழுத் திட்டப் பணிக்கு 10. மகள் என் முழங்கையைத் தொட்டு, "ப்பா, இது பழைய கணக்கு" என்று மெதுவாகச் சொன்னாள். அவள் சொன்னதுதான் சரி. 2026 சேர்க்கையிலிருந்து மொத்தம் 70 புள்ளிதான். மூன்று எச்2, ஒரு ஜெனரல் பேப்பர், அவ்வளவே. புரோஜெக்ட் வொர்க்கில் தேறினால் போதும், அதற்குப் புள்ளி கிடையாது. நான்காவது பாடமும் தாய்மொழியும் மாணவருக்குச் சாதகமாக இருந்தால் மட்டுமே கணக்கில் சேரும். கல்வி அமைச்சு இதை 2023இலேயே அறிவித்துவிட்டது. காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்கிறவர்களிடம் பழைய அட்டவணை இருந்தது எனக்கு அதிர்ச்சியாகத்தான் இருந்தது. மகள் எடுத்துச் சொன்னதும் ஆலோசகர் மன்னிப்புக் கேட்டார். சரி, மனிதர்கள்தானே என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரி கடைசியில் முடிவு வந்தது. எச்2 பாடங்களில் ஓர் ஏ, இரண்டு பி. ஜெனரல் பேப்பர் பி. எச்1 பொருளியல் சி. முதல் வருடமே எழுதி முடித்த எச்1 தமிழில் ஏ. இரண்டாவது சந்திப்பில் ஆலோசகர் கணக்குப் போட்டு 63.75 என்று எழுதினார். 20, 17.5, 17.5, அத்துடன் ஜெனரல் பேப்பருக்கு 8.75. கூட்டல் சரி. ஆனால் தமிழை அவர் சேர்க்கவே இல்லை. திரும்பி வரும்போது ரயிலில் மகள் கைப்பேசியில் போட்டுக் காட்டினாள். தமிழின் 10 புள்ளியைச் சேர்த்தால் 80க்கு 73.75, அதை 70க்கு மாற்றினால் 64.53. பொருளியலைச் சேர்த்தால் குறைகிறது, அதனால் அது வேண்டாம். தமிழால் முக்கால் புள்ளிக்கு மேல் ஏறியிருக்கிறது. பல்கலைக்கழகமே சாதகமானதை எடுத்துக்கொள்ளும் என்பதால் இதனால் நஷ்டம் எதுவும் வந்திருக்காது, உண்மைதான். ஆனால் எந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம், எதை விட்டுவிடலாம் என்று அவர் சொன்னதெல்லாம் அந்த 63.75ஐ வைத்துத்தான். வாரம் தவறாமல் தமிழ் வகுப்புக்கு அனுப்பிய எங்களுக்கு, அதை ஒரு பொருட்டாகவே எடுக்காதது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

இதைவிடப் பெரிய விஷயம், பேச்சு எப்போதும் வெளிநாட்டுப் பக்கமே போனது. மேசையில் இருந்த புத்தகங்கள் எல்லாமே ஆஸ்திரேலியா, பிரிட்டன் பல்கலைக்கழகங்களுடையவை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் மாணவர்களைச் சேர்த்துவிடும் முகவர்களுக்குத் தரகுத் தொகை கொடுப்பது வழக்கம். அது சட்டத்துக்குப் புறம்பானது அல்ல. ஆனால் பெற்றோர் அதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். உங்களுக்கு அப்படி ஏதாவது வருகிறதா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. "மத்திய சேமநிதியில் பணம் இருக்குமே சார்" என்று அவர் சொன்னபோது மட்டும் நான் குறுக்கிட்டேன். பிள்ளையின் படிப்புக்காகச் சேமநிதியின் சாதாரணக் கணக்கு என்ற பிரிவிலிருந்து 40 விழுக்காடு வரை எடுக்கலாம், ஆனால் அது இங்கே உள்ள அங்கீகரிக்கப்பட்ட கல்விக்கூடங்களின் மானியப் படிப்புகளுக்கு மட்டும்தான். வெளிநாட்டுக்கு எடுக்க முடியாது. எடுத்த பணத்தையும் படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்து வட்டியோடு பிள்ளை திருப்பிக் கட்ட வேண்டும். இது எனக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் எங்களிடம் இருக்கிற ஒரே சேமிப்பு அதுதான்.

அப்புறம் அந்தக் கட்டுரை. இதைச் சொல்லாமல் இந்த விமர்சனம் முழுமையாகாது.

மகள் இரண்டு வருடமாக வாரத்துக்கு ஒரு மணி நேரம் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டப் போனாள். அதில் ஒரு பையனுக்குத் திக்குவாய். முதல் எழுத்திலேயே நின்றுவிடுவான். மற்ற பிள்ளைகள் அவனுக்காகச் சொல்லை முடித்துவிடுவார்களாம். இவள் மேசைக்கு அடியில் விரல்விட்டு எட்டு வரை எண்ணிக்கொண்டு, அவனே சொல்லட்டும் என்று காத்திருப்பாளாம். ஒருநாள் ஏழு எண்ணும்போது 'டிராகன்' என்று சொல்லிவிட்டான். இதைத்தான் அவள் விண்ணப்பத்தில் எழுதியிருந்தாள். நான்கு வரிகள். நிறுவனத்திலிருந்து திருத்தி வந்த பிரதியில் பையன் இல்லை, விரல் இல்லை, எண்ணிக்கை இல்லை. 'தன்னார்வலர் குழுவை முன்னின்று வழிநடத்தி இளையோரின் வாசிப்புத் திறனை உயர்த்தினேன்' என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தது. அவள் யாரையும் வழிநடத்தவில்லை. "நான் இதை அனுப்ப மாட்டேன்பா, நேர்முகத் தேர்வுல கேட்டா என்ன சொல்றது?" என்றாள். அவள் கோபப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. அவளுடைய பழைய நான்கு வரிகளையே அனுப்பினோம்.

பேச்சுப் பயிற்சி சிகிச்சை படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஆலோசகர் அதைக் குறித்துக்கொண்டார், ஆனால் அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வணிகம், இல்லையென்றால் வெளிநாட்டில் உளவியல் என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்போது அந்தப் படிப்பில் விருப்பமில்லை. பொறியியல் படித்தால் நல்லது என்று நினைத்தேன்.

இந்தக் கட்டத்தில்தான் மகள் தன் கல்லூரியின் கல்வி, வாழ்க்கைத்தொழில் வழிகாட்டி ஆலோசகரைப் பார்க்கலாம் என்று சொன்னாள். இ.சி.ஜி ஆலோசகர் என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள். ஒரு வெள்ளி செலவில்லை. முடிவு வந்த பிறகும் அவளுடைய கல்லூரியில் நேரம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஐம்பது வயதை ஒட்டிய ஓர் அம்மா. 45 நிமிடம் பேசினோம். முதல் கேள்வியே என்னிடம்: "உங்களுக்கு எது பயமா இருக்கு?" இதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. செலவு, வேலை, அவளுக்கு இடம் கிடைக்காமல் போவது, மூன்றையும் சொன்னேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினார். கல்விக் கட்டணக் கடன் மானியம் போக மீதிக் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கிடைக்கும், படிக்கும் காலத்துக்கு வட்டியில்லை என்றார். பட்டதாரிகளுக்கு என்ன வேலை, என்ன சம்பளம் என்று ஆண்டுதோறும் வெளிவரும் கணக்கெடுப்பைத் திறந்து, படிப்பு வாரியாக எப்படிப் பார்ப்பது என்று காட்டினார். பல்கலைக்கழகங்கள் வெளியிடும் மதிப்பெண் பட்டியலில் இருக்கும் பத்தாவது சதமானம் என்பது 'கட்-ஆஃப்' இல்லை, அதற்குக் கீழே இருந்தும் பத்தில் ஒருவர் உள்ளே போயிருக்கிறார் என்று சொன்னபோது மகளின் முகம் தெளிந்ததைப் பார்த்தேன்.

பிறகு அவர் சொன்னது: "புத்தகத்தைப் பார்க்காதீங்க, இடத்தைப் போய்ப் பாருங்க."

போனோம். எங்கள் வீடு ஜூரோங் வெஸ்ட்டில். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பூன் லேயிலிருந்து 179ஆம் எண் பேருந்தில் போகிற தூரம். மொழியியல் துறையில் ஒரு மாணவி நிதானமாகப் பதில் சொன்னாள், இடமும் பச்சைப் பசேலென்று மனதுக்கு நிறைவாக இருந்தது. மகள் அதையும் விண்ணப்பத்தில் போட்டிருக்கிறாள். அடுத்து சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகத்தின் பொங்கோல் வளாகம். பேச்சுப் பயிற்சி சிகிச்சையில் இளநிலைப் பட்டம் அங்கேதான் இருக்கிறது. பூன் லேயில் ஏறி, ஊட்ரம் பார்க்கில் மாறி, வடகிழக்குத் தடத்தின் கடைசி நிலையமான பொங்கோல் கோஸ்ட்டில் இறங்க வேண்டும். 2024 டிசம்பரில் திறந்த நிலையம். வெளியே வந்தால் வளாகம். ஆனாலும் வீட்டிலிருந்து ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. தினமும் போய்வரப் போகிறவர்கள் இதை யோசிக்கத்தான் வேண்டும்.

அங்கே ஒரு மூத்த மாணவர் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் எடுத்து, ஒரு வெள்ளைத் தூளைப் போட்டுக் கலக்கினார். தண்ணீர் மெல்ல மெல்லக் கெட்டியாகி, கஞ்சித் தெளிவு மாதிரி கரண்டியிலிருந்து இழுபட்டு விழுந்தது. பக்கவாதம் வந்தவர்களுக்குச் சாதாரணத் தண்ணீர் வேகமாக இறங்கி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், இப்படிக் கெட்டியாக்கிக் கொடுத்தால் விழுங்குவதற்கு நேரம் கிடைக்கும், யாருக்கு எவ்வளவு கெட்டி என்று பார்த்துச் சொல்வதும் பேச்சு சிகிச்சையாளரின் வேலைதான் என்றார். மகள் ஒரு கரண்டி வாங்கிக் குடித்துப் பார்த்தாள். எனக்கு என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. பக்கவாதம் வந்து கடைசி ஐந்து மாதம், ஒவ்வொரு மடக்குத் தண்ணீருக்கும் புரையேறி, கண்ணில் நீர் கோத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். மெதுவாகக் குடிங்கம்மா என்று முதுகைத் தடவிவிட்டதைத் தவிர எங்களுக்கு ஒன்றும் தெரியாது. இப்படி ஒரு தூள் இருக்கிறது, இதைச் சொல்லித்தர ஒரு படிப்பு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. திரும்பி வரும் வழியில் நான் பொறியியல் பற்றிப் பேசவில்லை. மகளும் கேட்கவில்லை.

நிறுவனத்தின் மூன்றாவது சந்திப்புக்கு நாங்கள் போகவில்லை. மீதித் தொகையில் கொஞ்சமாவது திருப்பித் தர முடியுமா என்று கேட்டேன். ஒப்பந்தத்தில் இல்லை என்றார்கள். கையெழுத்துப் போடுமுன் அந்த வரியைப் படியுங்கள்.

யாருக்கு இந்த மாதிரி நிறுவனம் பயன்படும் என்றும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனுக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு ஓரளவு உதவலாம். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், மருத்துவப் படிப்புகளுக்கு அக்டோபர் 15 கடைசி நாள். அது 'ஏ' லெவல் தேர்வு நெருக்கத்தில் வருகிறது. ஐந்து தெரிவுகள், மூன்று கேள்விகளுக்குப் பதிலாக எழுதும் தன்விளக்கம் என்று விண்ணப்ப முறையும் வேறு. அந்தக் காலக்கெடுவை நினைவூட்ட ஓர் ஆள் இருந்தால் நல்லதுதான். உள்ளூரில் மட்டும் விண்ணப்பிக்கும் குடும்பத்துக்கு இதில் காசு போட வேண்டிய அவசியமே இல்லை. தனியார் நிறுவனத்துக்கு ஐந்தில் ஒன்றரை நட்சத்திரம் கொடுப்பேன்; அந்த ஒன்றரையும் மரியாதையான பேச்சுக்காக. கல்லூரி ஆலோசகருக்கு ஐந்தும். அவரிடம் பெற்றோரும் கூட வரலாம் என்பது பல வீடுகளுக்குத் தெரியவில்லை. எங்களுக்கே தெரியவில்லை. உங்கள் பிள்ளையின் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள். ஆங்கிலம் சரளமாக வராது என்று தயங்க வேண்டாம். நான் பாதித் தமிழில்தான் பேசினேன், மகள் அதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னாள், அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார்.

பொங்கோலிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது. அடுத்த புதன்கிழமை, காலை பத்தரை. நான் விடுப்பு எடுத்துவிட்டேன். நிலையம் வரைக்கும் வாங்கப்பா, உள்ளே வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.