ஏ.டி.வி.க்குச் சூட்டுக் கைப்பிடி பூட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு: என் 480 டாலர் போய்விட்டது

480 டாலர். என் ஏ.டி.வி.க்கு, அதாவது காடுமேடெல்லாம் ஓடும் நான்கு சக்கர வண்டிக்கு, மின்சாரத்தில் சூடாகும் ஒரு சோடிக் கைப்பிடிக்கும் அதைப் பூட்டிய கூலிக்குமாக என்னிடம் வாங்கிய தொகை. இன்று காலை வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. கடைக்காரர் போனை எடுக்கவில்லை. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எதைப் பார்த்து வாங்கலாம், எப்படிப் பூட்டலாம் என்ற ஆலோசனையையும் முடிவில் தருகிறேன்.

நான் இருப்பது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், பாரி நகருக்கு வடக்கே. ஜார்ஜியன் வளைகுடாப் பக்கமிருந்து பனி வரத் தொடங்கினால் இலேசில் ஓயாது. ஏ.டி.வி.யின் முன்னால் பனி தள்ளும் தகட்டை மாட்டித்தான் வீட்டுப் பாதையைத் திறக்கிறேன். சிம்கோ ஏரி உறைந்தபின் மீன்பிடிக்கப் போவதும் அதே வண்டியில்தான். −20 டிகிரியில், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகக் காற்று முகத்திலடித்தால் −34 போல உறைக்கும். கையுறை எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் முதலில் மரத்துப்போவது வலது பெருவிரல். ஏ.டி.வி.யில் வேகம் கொடுக்கும் நெம்பை அழுத்துவது அந்த விரல்தானே.

இணைய விளம்பரத்தில் கண்டது ஒரு சிறிய பழுதுபார்க்கும் கடை. புல்வெட்டும் இயந்திரம் முதல் பனி வண்டி வரை எல்லாம் பார்ப்பார்கள். உரிமையாளர் நம்மவர். “தம்பி, உம்முடைய கையுறையைக் கழற்றும்” என்றார். மேசையில் பொருத்தி வைத்திருந்த மாதிரிக் கைப்பிடியில் என் கையை எடுத்து வைத்தார். சூடு உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஏறியது. “நானும் சிம்கோவில் மீன் பிடிக்கிறவன். என் வண்டிக்குச் செய்வது போலச் செய்து தருகிறேன். நீர் யோசிக்க வேண்டாம்” என்றார். “ஏ.டி.வி.க்கு உரியதுதானே, அண்ணை?” என்று கேட்டேன். “வேறு எதற்கு?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்குத்தான் 480 டாலர். அட்டை இயந்திரம் பழுது என்று வங்கி இ-டிரான்ஸ்பரில் வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டதற்கு “பாகங்கள், வேலை: 480” என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தந்தார். அந்த மாதிரிக் கைப்பிடி சூடான அறைக்குள், சுவர் மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது என்பதை இப்போது எல்லோருக்கும் சொல்லி வைக்கிறேன்.

பனிக்குள் இறங்கியதும் இடது கை சுட்டது, வலது கை ஐஸ். போன் செய்தேன். “புதுச் சாமான், ஓட ஓடச் சூடேறும்.” மறுபடி செய்தேன். “உம்முடைய கையுறை தடிப்பு.” பேட்டரி இறங்குகிறது என்றேன். “வண்டி பழசு, தம்பி. அதற்கு நான் என்ன செய்வது?” பிறகு அனுப்பிய செய்திகளைப் படித்த அடையாளம் விழும், பதில் வராது. கடைசியாக வேறொருவர் எடுத்து, அண்ணை ஊருக்குப் போய்விட்டார், மாசி முடியத்தான் வருவார் என்றார். பின்னால் அண்ணையின் குரல் கேட்டது!

பக்கத்துத் தெருவில் பனி வண்டி திருத்துகிறவர் ஒருவர் வந்து கழற்றிப் பார்த்தார். பூட்டியிருந்தது மோட்டார்சைக்கிளுக்கான கைப்பிடித் தொகுப்பு (கிட்). மோட்டார்சைக்கிளின் வலது கைப்பிடி, முறுக்குகிற பிளாஸ்டிக் குழாயின் மேல் ஏறுவது. அதனால் அதன் துளை பெரிது. ஏ.டி.வி.யில் இரண்டு பக்கமும் 22 மில்லிமீட்டர் வெறும் உலோகக் கம்பி. அந்த இடைவெளியை மின்கம்பிக்குச் சுற்றும் நாடாவால் அடைத்திருந்தார் அண்ணை, சுற்று மேல் சுற்றாக. இந்தக் கிட்டில் வலது பக்கத்துக்குச் சூடும் குறைவு. பிளாஸ்டிக் குழாய் சூட்டை உறிஞ்சாது என்ற கணக்கில் செய்தது. என் கம்பியோ வந்த சூட்டையெல்லாம் இழுத்துக்கொண்டது. பெருவிரல் நெம்புக்கு ஒட்டும் தனிச் சூட்டுத் துண்டு இருக்கவே இல்லை. நான் காசு கொடுத்ததே அந்த விரலுக்காக.

இதைவிட மோசம் வயரிங். சாவி போட்டால் மட்டும் மின்சாரத்தை விடும் ரிலேயும் இல்லை, பியூஸும் இல்லை; வயரை நேரே பேட்டரியில் முடிந்திருந்தார். சாவியை எடுத்தாலும் கைப்பிடி மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். வயர் எங்காவது உரசித் தோல் போனால் தீப்பிடிக்கவும் கூடும். 480 டாலருக்கு ஒரு பியூஸ்கூடப் போட மனம் வரவில்லை.

பணம் ஏற்கப்பட்டபின் இ-டிரான்ஸ்பரைத் திரும்ப இழுக்க முடியாது என்று வங்கி கைவிரித்துவிட்டது. மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கு முறைப்பாடு எழுதுகிறேன். விளம்பரம் இன்னும் அப்படியே இருக்கிறது, “அனுபவமிக்க கைகள்” என்ற வரியோடு.

சரி, ஆலோசனை. பெட்டியில் ஏ.டி.வி. என்று அச்சிட்டிருக்கிறதா, பெருவிரல் துண்டு உள்ளே இருக்கிறதா என்று பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். ரிலேயும் பியூஸும் எங்கே இருக்கின்றன என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, வயர் இழுபடுகிறதா பாருங்கள். வண்டியை வெளிக் குளிரில் நிறுத்தி, இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்தபின் கிரெடிட் கார்டில் கொடுங்கள். கார்டு எடுக்காத கடையென்றால் திரும்பி வாருங்கள். ஹேண்டிலை மூடிக் காற்றைத் தடுக்கும் உறைகளையும் மாட்டுங்கள், அவை இல்லாமல் எந்தக் கைப்பிடியும் போதாது. எந்தக் கிட் நல்லது என்பதைப் பிறகு எழுதுகிறேன். வெளியே மறுபடி கொட்டத் தொடங்கிவிட்டது, வண்டி ஓடாது, பாதை முழுவதையும் கையால்தான் தள்ள வேண்டும்.