ஆஸ்பத்திரிக்கு 3.5 ஸ்டார், இன்டர்பிரட்டர் அக்காவுக்கு 5

பெங்களூர் அல்சூர்ல இருந்து ஆட்டோல இருபது நிமிஷம், அதுக்கு மேல அடையாளம் சொல்லல, பேரும் வேணும்னேதான் போடல. பேரப் போட்டா அந்த அக்கா வேலைக்குதான் ஆப்பு வெப்பாங்க.

எங்கம்மாவுக்கு கர்ப்பப்பை எடுக்குற ஆபரேஷன், ஃபைப்ராய்டு, அதாவது கர்ப்பப்பைல கட்டி. அம்மாவுக்கு பொறந்ததுல இருந்தே காது கேக்காது, பேச்சும் சைன்லதான், அதாவது சைகை மொழி. டாக்டர் தங்கமானவங்க, ரூம் சுத்தம், கேன்டீன் இட்லி கல்லு, பார்க்கிங் பத்தி பெங்களூர்காரங்களுக்கு நான் சொல்லணுமா என்ன. நான் எழுத வந்தது இன்டர்பிரட்டர் விஷயம், அம்மா சைன்ல சொல்றத டாக்டருக்கும் டாக்டர் சொல்றத அம்மாவுக்கு சைன்லயும் மாத்திச் சொல்றவங்க.

இதுவரைக்கும் எந்த ஆஸ்பத்திரி போனாலும் நான்தான் இன்டர்பிரட்டர், ஏழாவது படிக்கும்போதே. காய்ச்சல் சளின்னா பரவால்ல. கடைசியா எப்ப தலைக்கு ஊத்துனாங்கன்னு பெத்த அம்மாகிட்ட பையன் எப்படிங்க கேப்பான், அவங்கதான் எப்படி சொல்லுவாங்க? ரெண்டு வருஷமா ரத்தப்போக்கு இருந்திருக்கு, சொல்லவே இல்ல. சொன்னா நான்தான டாக்டர்கிட்ட போய் நிக்கணும். ஒருநாள் அல்சூர் மார்க்கெட்ல மயங்கி விழுந்தப்போதான் தெரிஞ்சுது, ஹீமோகுளோபின் 7 கூட இல்ல.

பேப்பர்ல எழுதிக் காமிங்கன்னு ஈசியா சொல்றாங்க. அம்மா எட்டாவது வரைக்கும் தமிழ்ல படிச்சவங்க, தமிழே எழுத்துக்கூட்டிதான் வாசிப்பாங்க, இங்க நர்ஸ் எழுதறது இங்கிலீஷ்ல. சைன்ங்கறது தமிழையோ இங்கிலீஷையோ கையால காட்டுறது கிடையாது, அதுக்குன்னு தனி இலக்கணம் இருக்கு, அதுல பாதி முகத்துலதான். ஆமாவா இல்லையான்னு கேக்கணும்னா புருவத்த தூக்கணும், அவ்ளோதான் கேள்விக்குறி. உதட்ட பாத்து புரிஞ்சுக்குவாங்கன்னு நெனச்சுக்கிட்டு மாஸ்க்க போட்டுக்கிட்டு கத்துற டாக்டருங்களும் இருக்காங்க, என்ன சொல்ல.

இங்க அப்பாயின்ட்மென்ட் போடும்போதே கேட்டு வெச்சதால ஒரு அக்கா வந்திருந்தாங்க, கை பளிச்சுன்னு தெரியணும்னு டிசைனே இல்லாத கருப்பு டாப்ஸ். மொத வேலையா என்ன வெளிய போகச் சொன்னாங்க. இருபது நிமிஷம் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன், அம்மா டாக்டர்கிட்ட என்ன பேசுனாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு முழுசா தெரியாது. தெரியவும் வேணாம்.

ஸ்கேன் ரூம்ல லைட்ட அணைச்சிடுவாங்கல்ல, இருட்டுல சைன் எங்க தெரியும்? அக்கா முன்னாடியே பேசி வெச்சிருக்காங்க, கால்ல ஒரு தட்டு தட்டினா மூச்ச பிடிக்கணும், ரெண்டு தட்டினா விடணும். அப்புறம் ட்ரிப்ஸ் ஏத்த நர்ஸ் வலது கைய பிடிச்சு மணிக்கட்டுல ஊசி போட்டு அட்டை வெச்சு கட்டப் பாத்தாங்க. அக்கா நிறுத்தி, இடது கைல முழங்கைக்கு கீழ போடுங்க, வலது கைதான் இவங்க வாய்னு சொன்னாங்க. இத்தன வருஷம் கூடவே இருக்கேன், எனக்கு இது தோணினதே இல்ல. கன்சென்ட் ஃபார்ம் நாலு பக்கத்தையும் உக்காந்து சைன்ல சொன்னாங்க, அம்மா நடுவுல நிறுத்தி ஓவரியையும், அதான் சினைப்பையையும், எடுப்பீங்களான்னு கேட்டாங்க. நான் பண்ணியிருந்தா "ஆபரேஷன், சரியாயிடும், இங்க கையெழுத்து"ன்னு முடிச்சிருப்பேன், நெஜமா.

இப்ப 1.5 ஸ்டார் ஏன் போச்சுன்னு சொல்றேன். சாயங்காலம் ஆறுக்கு மேல அக்கா கிடையாது, ஸ்டாண்டுல ஒரு டேப்லெட்ட தள்ளிக்கிட்டு வருவாங்க, அதுல வீடியோ கால்ல வேற ஒரு இன்டர்பிரட்டர். ஆபரேஷன் முடிஞ்ச ராத்திரி அம்மா கண்ணாடி எங்கயோ கவர்ல, மயக்கம் முழுசா தெளியல, வைஃபை வேற திணறுது, ஸ்க்ரீன்ல அந்தம்மா கை பாதி வார்த்தைல அப்படியே நிக்குது. நர்ஸ் என்ன எழுப்பி வலி எங்கன்னு கேளுங்கங்கறாங்க. மறுபடியும் நானே. பகல்ல ஓபில, மருந்து எத்தன வேளைன்னு கேக்க, அந்த டேப்லெட் போதும், குறை சொல்லல.

டிஸ்சார்ஜ் அன்னிக்கு பில்லுல இன்டர்பிரட்டர் சார்ஜ்னு 1,800 ரூபா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அதுல 25ஆவது பிரிவு, தடையில்லாம சிகிச்சை கிடைக்கணும்கறதுல தனியார் ஆஸ்பத்திரியும் உண்டு, தகவல் தொடர்புன்னா சைகை மொழியும் சேர்த்தின்னு அதே சட்டத்துல இருக்கு, வீல்சேர் ரேம்ப்ல ஏறுறதுக்கு யாருக்காவது தனியா பில் போடுறீங்களான்னு கேட்டேன். மேனேஜர் உள்ள போய் ஒரு மணி நேரம் கழிச்சு வந்து அந்த லைன எடுத்துட்டாரு. எடுத்துட்டு, அடுத்த மாசத்துல இருந்து நேர்ல வர்ற இன்டர்பிரட்டர் கிடையாது சார், டேப்லெட் மட்டும்தான், செலவு கட்டுப்படியாகலன்னாரு. 2023 செப்டம்பர்ல நம்மூரு வக்கீல் சாரா சன்னி, அவங்களுக்கும் காது கேக்காது, இன்டர்பிரட்டரோட சுப்ரீம் கோர்ட்லயே வாதாடுனாங்க, விசாரணை வீடியோ கால்ல நடந்துச்சு, மொதல்ல அங்கயும் ஸ்க்ரீன்ல இன்டர்பிரட்டருக்கு இடமில்லன்னுதான் ஆரம்பிச்சாங்க, அப்புறம் தலைமை நீதிபதியே விடச் சொன்னாரு. இதையும் சொல்லிப் பாத்தேன். நோட் பண்ணிக்கிறேன்னாரு. நோட்டு எங்க இருக்கோ.

உங்க வீட்டுல யாராவது டெஃப்னா ரிசப்ஷன்ல கேட்டு டைம் வேஸ்ட் பண்ணாதீங்க, எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் நோயாளிங்க விஷயத்த கவனிக்கிற பேஷன்ட் ரிலேஷன்ஸ் பிரிவுல, ரெண்டு நாள் முன்னாடி, மெயில்ல கேளுங்க. எழுத்துல இருந்தா தட்டிக் கழிக்கிறது கஷ்டம். நேர்ல வர்றவங்க வேணுமா வீடியோ போதுமான்னும் எழுதிடுங்க, லேடி இன்டர்பிரட்டர் வேணும்னா அதையும். நானும் அக்காவ நிறுத்தாதீங்கன்னு மெயில் போட்டிருக்கேன், அம்மா கையெழுத்தோட.

செக்கப் ஆறு வாரம் கழிச்சு. நேத்து சாப்பிடும்போது அம்மா அந்த கருப்பு டாப்ஸ சைன்ல காட்டிட்டு, புருவத்த தூக்கிட்டு என்னையே பாக்குறாங்க. மெயிலுக்கு இன்னும் பதில் வரல.